மௌனப்படத்தின் எழுத்தட்டைகள்: 'மார்த்தாண்ட வர்மா' (1933)

1. முன்னுரை

பழைய மௌனப்படங்களை மீட்டெடுத்து இக்காலத்தார்க்குத் திரையிடும் பணி உலகெங்கும் நடைபெற்று வருகிறது. 2017இல் பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் 'ஷிராஸ்' (1928) படத்தைப் புதுப்பித்து, அனுஷ்கா சங்கரின் இசையுடன் வழங்கியது. இத்தகைய முயற்சிகளில் படத்தின் தெளிவும் இசையும் பெறும் கவனத்தைக் காட்சிகளுக்கிடையே தோன்றும் எழுத்தட்டைகள் பெறுவதில்லை. அவையும் ஒரு பனுவலே. அதற்கும் பதிப்பு நெறி வேண்டும் என்பதை மலையாள மௌனப்படம் ஒன்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

2. படச்சுருளின் வரலாறு

சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மார்த்தாண்ட வர்மா' நாவலை நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ் படமாகத் தயாரித்தார், பி. வி. ராவ் இயக்கினார். 1933இல் திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் அது திரையிடப்பட்டது. நாவலின் உரிமை பெற்றிருந்த கமலாலயா புத்தக நிலையம் வழக்குத் தொடுக்கவே, படம் முடக்கப்பட்டுச் சுருள்கள் அப்பதிப்பகத்தாரிடம் சேர்ந்தன. 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அவற்றை அங்கிருந்தே பெற்றது. படத்தை முடக்கிய வழக்கே அது பிழைத்திருக்கவும் வழிசெய்தது எனலாம். சுந்தர்ராஜின் உறவினர் ஜே. சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' இன்று இல்லை. சென்னையில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' படமும் அதன் தமிழ் எழுத்தட்டைகளோடு அழிந்தது.

3. எழுத்தட்டைகளின் மொழி

'மார்த்தாண்ட வர்மா'வின் அட்டைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அமைந்தவை. அவற்றுட் சில நாவலின் வரிகளையே எடுத்தாள்கின்றன. ஆகவே அங்கு மலையாளம் மேற்கோள்; ஆங்கிலம் மொழிபெயர்ப்பு. பி. கே. மேனனின் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலாக வந்தது 1936இல்தான். அதற்கு மூன்றாண்டு முன்னரே நாவலின் சில வரிகள் ஆங்கில வடிவில் திரையேறிவிட்டன. மேலும், 1971ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட மலையாள வரிவடிவத்திற்கும் இவ்வட்டைகள் சான்றாகின்றன. தெளிவு கருதி இவற்றைப் புதிய எழுத்தில் அமைத்தால் அச்சான்று மறையும்.

ஓட்டும் வேகமும் மொழியைப் பாதிக்கும். நொடிக்கு 16 சட்டங்களாக எடுத்த படத்தை 24 சட்டங்களாக ஓட்டினால், ஆறு நொடி நிற்க வேண்டிய அட்டை நான்கு நொடியில் மறையும். நடிகரின் அசைவு விரைவதைக் காண்போர் உணர்வர். வாசிக்கும் பொழுது குறைவதைப் பலர் உணர்வதில்லை.

4. முடிவுரை

மூல அட்டைகளை நீக்காமல், தமிழாக்கத்தைத் திரையின் அடியில் சப்டைட்டிலாகத் தருவதே தக்கது. ஆங்கில அட்டையை மட்டும் நோக்கித் தமிழாக்காமல், மலையாள அட்டையையும் நாவலையும் ஒப்பிட்டுப் பெயர்த்தல் வேண்டும். கதை நிகழும் பத்மநாபபுரம் 1956 முதல் தமிழ்நாட்டில் உள்ளது. அப்பகுதியின் ஊர்ப்பெயர்களையும் உறவுச்சொற்களையும் ஆங்கில வழியாகப் பெறத் தேவையில்லை. ஓர் அட்டை சிதைந்து, அதன் வரியை நாவலிலிருந்து நிரப்ப நேர்ந்தால், அது பின்னர்ச் சேர்த்தது எனக் குறியிட்டுக் காட்டல் வேண்டும். ஏட்டுச்சுவடிப் பதிப்பில் நாம் எதிர்பார்க்கும் இந்நேர்மை திரைச்சுவடிக்கும் உரியதே.