விவாகமும் பிரஜாவுரிமையும்

பெருந்துறையையும் அதைச் சூழ்ந்த காஞ்சிக்கோயில், சென்னிமலை, விஜயமங்கலம் முதலிய ஊர்களையும் எடுத்துக்கொண்டால், இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்பு வரையில் அங்கே நடந்த விவாகங்களுக்குக் காகிதத்தில் எழுதிய அத்தாட்சி பெரும்பாலும் இருந்ததில்லை. வேண்டுமென்று கேட்பாரும் இருந்ததில்லை. கூட்டம் என்னும் குலப் பிரிவைப் பார்த்துப் பெண் கேட்டு, இரு வீட்டாரும் மனம் ஒப்பி, நாள் குறித்து, அருமைக்காரர் முன்னின்று சீர்களை ஒவ்வொன்றாக நடத்திவைக்க, மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் இணைச்சீருக்கு வந்து நிற்க, கம்பர் பாடியதாக மரபு சொல்லும் மங்கல வாழ்த்தைக் குடிநாவிதர் சபையின் நடுவே சொல்லிவர, அவர் ஓர் அடியை முடிக்குந்தோறும் மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டிவர, பந்தலில் கூடியிருந்த மாமன் மச்சான், பங்காளி, ஊரார் அத்தனை பேருடைய நினைவிலும் அந்த விவாகம் பதிந்துவிடும். பின்னாளில் சொத்துத் தகராறு ஏதேனும் வந்தால் அந்த நினைவே சாட்சி சொல்லும்.

அறுபதுகளின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் வந்து தங்கி, கொங்குக் குடியானவர்களின் உறவு முறைகளையும் சடங்குகளையும் கூர்ந்து ஆராய்ந்து, 1972இல் நூலாக வெளியிட்ட பிரெண்டா பெக் என்ற அம்மையார், ஆக்ஸ்போர்டிலிருந்து ஆராய்ச்சி மாணவியாக வந்தவர். அந்நிய தேசத்து வித்தியார்த்திகள் நம் ஊரை நாடி வந்த காலம் அது. நம் ஊர்ப் பிள்ளைகள் அந்நிய தேசங்களைப் பெருவாரியாக நாடிப் போகும் காலம், பெருந்துறையில் 1984இல் கொங்கு பொறியியல் கல்லூரி தோன்றிய பின்னரே வந்தது. முன்பு சானடோரியத்தின் பெயரால் அறியப்பட்ட ஊர், கல்லூரியாலும் சிப்காட் தொழிற்பேட்டையாலும் வேறு முகம் கொண்டது. மஞ்சளும் புகையிலையும் விளைவித்த குடும்பங்கள் காட்டை ஈடு வைத்துப் பிள்ளைகளை மேற்படிப்புக்கு அமெரிக்கா அனுப்பின. போன பிள்ளைகளில் சிலர் அந்த நாட்டுப் பிரஜையாகிய பெண்ணையோ பையனையோ மணக்க விரும்பியபோது, வீட்டில் முதலில் எழுந்த கேள்வி கூட்டத்தைப் பற்றியது. இரண்டாவது கேள்வி விசாவைப் பற்றியது. "ஏனுங் மாமா, அந்தூருப் புள்ளையக் கட்டிக்கிட்டா இவனை அங்கயே இருக்க உடுவாங்ளா?" என்று விவரம் தெரிந்த உறவினரிடம் தாய்மார் கேட்கிற கேள்வி, எளிய கேள்வியாகத் தோன்றினாலும், நூறு வருஷத்துச் சரித்திரத்தைப் பின்னால் சுமந்து நிற்பது. அந்தச் சரித்திரத்தைப் பார்த்தால், தம்பதிகளின் மனத்தூய்மையைக் காட்டிலும் அவர்கள் என்ன நிறத்தவர், ஆணா பெண்ணா, எந்த வழியாக நாட்டுக்குள் வந்தவர் என்பவற்றையே சட்டங்கள் நெடுங்காலம் கணக்கில் கொண்டு வந்திருக்கின்றன என்பது விளங்கும்.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் நம்மவருக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே நடந்த கலப்பு விவாகங்களில் பிரஜாவுரிமைச் சிக்கல் எழவில்லை. இரு சாராரும் ஒரே மன்னரின் பிரஜைகள். 1920இல் ருக்மிணி தேவி ஜார்ஜ் அருண்டேலை மணந்தபோது சென்னைச் சமூகம் கொதித்தெழுந்ததே தவிர, எந்த அதிகாரியும் அவர்களிடம் குடியேற்றப் பத்திரம் கேட்கவில்லை. இங்கிலாந்து சென்ற மாணவருக்கு 1962ஆம் வருஷத்துக் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் வரும் வரையில் அந்தக் கதவு திறந்தே இருந்தது.

அமெரிக்காவின் கதை வேறு. 1907ஆம் வருஷத்துச் சட்டமொன்று, அந்நியனை மணக்கும் அமெரிக்கப் பெண் அந்தக் கணமே தன் பிரஜாவுரிமையை இழப்பாள் என்று விதித்தது. அமெரிக்க ஆண் அந்நியப் பெண்ணை மணந்தால் அவன் எதையும் இழக்க வேண்டியதில்லை. பெண்கள் வாக்குரிமை பெற்ற பிறகு, 1922இல் கேபிள் சட்டம் என்று வழங்கும் சட்டம் இந்த அநீதியைப் பாதி அளவுக்கு நீக்கியது. பாதி என்று நான் சொல்வதற்குக் காரணம், பிரஜையாவதற்குத் தகுதியற்ற அந்நியனை மணந்த பெண்ணுக்குப் பழைய தண்டனையையே அது நிலைநிறுத்தியதுதான். தகுதியற்றவர் என்று குறிக்கப்பட்டவர்கள் ஆசியாக் கண்டத்தவர். இந்தியர் அந்த வகுப்பில் சேர்வாரா என்ற ஐயத்தை 1923 பிப்ரவரியில் பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது: இந்தியர் வெள்ளையர் ஆகார், ஆகவே பிரஜையாகவும் ஆகார்.

இந்தத் தீர்ப்பு ஒரு குடும்பத்துக்குள் என்ன செய்தது என்பதற்குத் தாரக்நாத் தாஸின் வாழ்க்கை சான்று. வங்காளத்திலிருந்து 1906இல் அமெரிக்கா சேர்ந்து, அங்கே படித்துக்கொண்டே தேச விடுதலைக்கு உழைத்து, 1914இல் பிரஜாவுரிமை பெற்று, அந்த உழைப்புக்காகச் சிறையும் சென்று மீண்ட அவர், 1924இல் மேரி கீட்டிங் மோர்ஸ் என்ற அமெரிக்க மாதை மணந்தார். திந்த் தீர்ப்பைக் கொண்டு தாஸின் பிரஜாவுரிமையைப் பறிக்க அந்நாட்டுச் சர்க்கார் முனைந்திருந்த வேளை அது. அவருக்கு வந்த ஆபத்து, தன் சொந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்து, கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகப் பாடுபட்ட அந்த அம்மையாரையும் சேர்த்துக்கொண்டது. தாம் நேசித்த மனிதரை மணந்த ஒரே காரணத்தால் அவர் தம் நாட்டிலேயே நாடற்றவரானார். லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரில் வக்கீல் தொழில் நடத்திய சகாராம் கணேஷ் பண்டிட்டும் அமெரிக்கப் பெண்ணை மணந்தவர். அவர்மீதும் வழக்கு வந்தது. பிரஜை என்று சர்க்காரே கொடுத்த பத்திரத்தை நம்பித் தொழில் கொண்டு, வீடு வாங்கி, விவாகமும் செய்துகொண்ட ஒருவனிடமிருந்து அதைப் பின்னால் பறிப்பது நியாயமாகாது என்று அவர் வாதாடி வென்றார். 1927இல் உச்ச நீதிமன்றம் சர்க்காரின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததும், தாஸ் உட்பட மற்ற இந்தியர்மீதிருந்த வழக்குகள் கைவிடப்பட்டன. கேபிள் சட்டத்தின் நிறப் பிரிவு 1931இல்தான் நீங்கியது. ஒரு பெண் தன் கணவனைத் தேர்ந்துகொண்டதற்காக அவளுடைய தேசத்தையே பறிக்கலாம் என்று நாகரிக நாடொன்று எண்ணியது, நம் பாட்டிமார் வாழ்ந்த காலத்தில் நடந்த செய்தி என்பதை மறந்துவிடலாகாது.

பிறகு கதவுகள் மெள்ளத் திறந்தன. 1946ஆம் வருஷத்துச் சட்டம் இந்தியருக்கு ஆண்டுக்கு 100 குடியேற்ற இடங்களையும் பிரஜையாகும் உரிமையையும் அளித்தது. 1952ஆம் வருஷத்துச் சட்டம் பிரஜாவுரிமைக்கு நிறத்தைத் தடையாக்கும் விதியை ஒழித்ததோடு, அமெரிக்கப் பெண்ணின் அந்நியக் கணவனையும் அமெரிக்க ஆணின் அந்நிய மனைவியையும் ஒரே தராசில் நிறுத்தியது. இன்று நம் பிள்ளைகள் வாங்கிச் செல்லும் எஃப்-1 மாணவர் விசாவும் அந்தச் சட்டத்தில் பிறந்ததே. 1965ஆம் வருஷத்துச் சட்டம் தேசவாரிப் பழைய பங்கீட்டை அடியோடு மாற்றியபோது, பிரஜையின் கணவன் அல்லது மனைவிக்கு எண்ணிக்கை வரம்பே இல்லை என்ற விதியைக் காத்துக்கொண்டது.

ஆயினும் விவாகம் மட்டும் வழியாகிவிடாது. மணப்பவர் பிரஜையாக இருக்க வேண்டும். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலன் 1958இல் பத்தொன்பது வயதில் பெர்க்கிலி சென்று படித்து, 1963இல் ஜமைக்காவிலிருந்து வந்த சக மாணவர் டொனால்ட் ஹாரிஸை மணந்தபோது இருவருமே அந்நிய வித்தியார்த்திகள்தாம். ஒருவரால் மற்றவருக்குச் சட்டத்தில் பலன் ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் பிறந்த அவர்களுடைய மகள் கமலா மட்டும் அம்மண்ணில் பிறந்த காரணத்தால் பிறவிப் பிரஜையானாள்.

இன்றைய நிலைமையைப் பெற்றோர் அறிந்துகொள்ளும் பொருட்டுச் சற்று விரித்துச் சொல்லுகிறேன். முறையான விசாவில் நாட்டுக்குள் வந்த மாணவர் ஒரு பிரஜையை மணந்தால், நாட்டை விட்டு வெளியேறாமலே நிரந்தர வாசத்துக்கு விண்ணப்பம் செய்யலாம். உத்தியோக வழியில் கிரீன் கார்டு கேட்கும் இந்தியர் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்பதற்குக் காரணமாகிய, எந்தத் தேசத்துக்கும் நூற்றுக்கு ஏழு என்ற வரம்பு, பிரஜையின் துணைவருக்கு இல்லை. இந்தச் சலுகையைக் காசுக்கு விற்கும் போலி விவாகங்கள் பெருகியதாகக் கருதி 1986இல் ஒரு கடுமையான திருத்தம் செய்தார்கள். கார்டு கிடைக்கும் நாளில் விவாகமாகி இரண்டு வருஷம் நிறையாவிட்டால், இரண்டு வருஷத்துக்கு மட்டுமே செல்லும் நிபந்தனைக் கார்டு தரப்படும். அது முடிவதற்கு முந்திய தொண்ணூறு நாட்களுக்குள் தம்பதிகள் சேர்ந்து மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். போலி விவாகம் என்று நிரூபணமானால் ஐந்து வருஷம் வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம், அதற்கு மேல் எந்த விவாகத்தின் பெயராலும் மறுபடி அந்த நாட்டில் குடியேற வழியின்மை. துணைவரின் கொடுமைக்கு ஆளானவர், பெரும்பாலும் பெண்கள், வாய் திறக்க அஞ்சி அடங்கிக் கிடக்கும் நிலையைக் கண்டு, 1994ஆம் வருஷத்துச் சட்டம் அவர்கள் தாமே தனித்து விண்ணப்பிக்க வழி செய்தது. இந்தச் சட்டத்தைப் பெண்ணைப் பெற்ற ஒவ்வொரு வீடும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

விவாகம் மெய்யானதுதானா என்று அறிய நடக்கும் விசாரணையின்போதுதான் நம் பழைய கொங்குக் கல்யாணம் அதிகாரியின் மேஜைக்கு வருகிறது. தம்பதிகளை எதிரில் அமர்த்தி, எங்கே சந்தித்தீர்கள், வீட்டு வாடகைப் பத்திரம் யார் பெயரில், கல்யாணத்துக்கு வந்தவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டே அவர் ஆல்பத்தைப் புரட்டுகிறார். மணவறையும் அருமைக்காரரும் இணைச்சீர்ப் புடவையும் பக்கம் பக்கமாக நகர்கின்றன. ஆனால் அவருக்குப் பிரதானமாக வேண்டியது பதிவுச் சான்றிதழ். நம் நாட்டிலும் விவாகத்தின் சட்ட அந்தஸ்து சும்மா வந்துவிடவில்லை. ஈரோட்டுப் பெரியார் தொடங்கிய சுயமரியாதை விவாகங்கள் செல்லாதவை என்று ஐம்பதுகளில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் தலைக்கு மேல் அந்தத் தீர்ப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணாவின் ஆட்சியில் 1967இல் நிறைவேறிய திருத்தமே அவற்றுக்குச் சட்டத்தின் காப்பை அளித்தது. எல்லா மதத்தினரும் விவாகத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2009இல் வந்த சட்டம்.

இங்கிலாந்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிக் கடக்கிறேன். 1979 ஜனவரியில், அங்கு வசித்த மாப்பிள்ளையை மணக்க ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய இந்திய ஆசிரியை ஒருவரை, அவர் கூறியதை நம்பாமல் கன்னிமைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். செய்தி வெளிப்பட்டதும் உலகமே வெட்கியது. அந்தப் பரிசோதனை நிறுத்தப்பட்டது.

அயல்நாட்டாரின் குற்றங்களை எடுத்துச் சொன்ன பிறகு நம் வீட்டையும் பார்க்க வேண்டாமா? இந்தியப் பிரஜையை மணந்த அந்நியர் பதிவின் மூலம் பிரஜையாகலாம் என்ற 1955ஆம் வருஷத்துச் சட்டம், அந்த உரிமையை முதலில் பெண்களுக்கு மட்டுமே கொடுத்தது. 1986இல்தான் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. அந்நிய நாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தாய்வழியாகவும் இந்தியப் பிரஜாவுரிமை உண்டு என்பது 1992இல்தான் வந்தது. சட்டம் இப்படியெல்லாம் உருவாகும் முன்பே, பர்மாவைச் சேர்ந்தவரும் டில்லியில் சமூக சேவைக் கல்வி பயின்றவருமான மா டின்ட் டின்ட் அம்மையாரை, வெளியுறவுச் சேவை அதிகாரி அந்நியரை மணக்கலாகாது என்ற விதிக்கு நேருவிடம் விலக்குப் பெற்று, 1951இல் கே. ஆர். நாராயணன் மணந்தார். உஷா நாராயணன் என்ற இந்தியப் பிரஜையாக அந்த அம்மையார் பின்னாளில் ராஷ்டிரபதி பவனத்தில் வாழ்ந்தார்.

அந்தத் தயவு நம் ஜில்லாவிலேயே உள்ள சிலருக்குக் கிட்டவில்லை. 1983 முதல் இலங்கையிலிருந்து தோணிகளில் தப்பி வந்த தமிழர் ஈரோடு மாவட்டத்தில் அரச்சலூரிலும் பவானிசாகரிலும் உள்ள முகாம்களில் வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நம் பிள்ளைகளோடு படித்தவர்கள்; சிலர் இவ்வூர்ப் பிரஜைகளை மணந்திருக்கிறார்கள். உரிய பிரயாணப் பத்திரமின்றி வந்தவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்றும், அத்தகையவர் விவாகத்தால் பிரஜையாக முடியாது என்றும் 2003இல் நிறைவேறிய திருத்தம் சொல்கிறது. 2004 டிசம்பர் 3ஆம் தேதி முதல் அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை, தாய் தந்தையரில் ஒருவர் இந்தியப் பிரஜையாகவே இருந்தாலும், பிறப்பால் பிரஜையாகாது. அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து அவ்வாறு வந்தோரில் சிலருக்கு வழி திறந்த 2019ஆம் வருஷத்துத் திருத்தம் இலங்கையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2021இல் தமிழக அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. 2025இல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பத்திரமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. இரண்டும் நல்ல காரியங்களே. ஆனால் இரண்டும் பிரஜாவுரிமை ஆகா.

கடல் கடந்து போன நம் பிள்ளை, மாணவனாகப் போன இடத்தில் ஒரு பிரஜையை மணந்தால் அந்த நாடு அவனை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அது நியாயமான எதிர்பார்ப்பே. அதே நியாயத்தை அரச்சலூர் முகாமிலிருந்து நம் வீட்டுக்கு வாழ வந்த பெண்ணுக்கும் அவள் பெற்ற குழந்தைக்கும் நாம் கேட்டுப் பெற வேண்டும். சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்ற அந்தச் சொற்றொடரிலிருந்து, போருக்குத் தப்பி வந்து இந்தியப் பிரஜைகளை மணந்தவர்களை விலக்கும் ஒரு சிறு திருத்தம் போதும். அதைப் பாராளுமன்றத்தில் கொண்டுவரும்படி கொங்கு நாட்டு அங்கத்தினர்கள் ஒவ்வொருவரையும் அவர்களைத் தேர்ந்தெடுத்த நாம் வற்புறுத்த வேண்டும்.