உப்பு மெருகிட்ட குழாய்

மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில் கொண்ட விருத்தாசலம், பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின் மேற்படிந்து கிடந்த வெண்களிமண்ணின் சம்பந்தத்தாலும், தன்னகத்தே தோன்றிய தொழிற்பேட்டையாலும், சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் பீங்கான் நகரம் என்று பெயர் பெற்றது. அவ்வூர்ப் பொம்மைகளைக் கொண்டாடுவோர் பலர். தெருவுக்கடியில் புதைந்து கழிவுநீரைச் சுமக்கும் ஸ்டோன்வேர் குழாயைப் பேசுவோர் அரியர். அத்தொழிலின் மகிமை அக்குழாயில்தான் பூரணமாக விளங்குகிறது என்பது என் துணிபு.

சூளை உச்சச் சூட்டை எட்டும் தருணத்தில், அடுப்பு வாய்களில் சாதாரணச் சமையல் உப்பை வாரி இறைப்பார்கள். அது படபடவென்று பொரிந்து ஆவியாகி, உள்ளே அடுக்கிய குழாய்களின் மண்ணிலுள்ள சிலிகாவோடும் அலுமினாவோடும் கலந்து, பழுப்பு நிறக் கண்ணாடிப் படலமாக இறுகிவிடும்.

இம்மெருகின் அருமையை அறிய, சாக்கடைக்குள் வாழும் சூட்சும ஜீவிகளை அறிய வேண்டும். காற்றுப் புகாத வழுவழுப்பான படிவில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா, நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்ற, அந்த நாற்ற வாயு மேலெழுந்து குழாயின் ஈர முகட்டை அடைய, அங்கே ஒட்டியிருக்கும் வேறொரு வகை அதைக் கந்தக அமிலமாக்க, அவ்வமிலம் சிமென்டுக் குழாயை நாளடைவில் அரித்துத் தின்றுவிடுகிறது. இந்த அமிலகாரியை 1945இல் ஆஸ்திரேலியாவில் பார்க்கர் என்பவர் பிரித்தெடுத்துக் காட்டினார். மெருகிட்ட மண்குழாயிடம் அதன் ஜம்பம் சாயாது.

குழாய் சென்று முடியும் சுத்திகரிப்பு நிலையத்திலோ, சூட்சும ஜீவிகளே நமக்குப் பரம உபகாரிகள். கில்பர்ட் பௌலரின் தூண்டுதலால் மான்செஸ்டரில் ஆராய்ந்த ஆர்டனும் லாக்கெட்டும், முதலில் சுமார் 5 வாரம் காற்றூட்டித் தெளிவித்த கழிவுநீரின் கசடை எறியாமல் வைத்து, அதன்மேல் புதுக் கழிவுநீரைத் திரும்பத் திரும்ப வார்த்து வந்ததில், அதே வேலை ஒரே நாளுக்குள் முடியக் கண்டு, 1914இல் உலகுக்கு அறிவித்தார்கள். பௌலர் 1916இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற்கு வந்து சேர்ந்தார்.

அக்கழகத்தில் எஸ். சி. பிள்ளையும், பின்னாளில் மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரான வி. சுப்பிரமணியனும் செய்த காரியம் நம்மவர் நன்றியோடு நினைக்கத்தக்கது. கசட்டுத் துணுக்கில் காம்பூன்றி, மணிபோன்ற வாயின் விளிம்பு மயிர்களைச் சுழற்றி இரையை உள்ளிழுக்கும் வார்டிசெல்லா முதலிய புரோட்டோசோவாக்கள், சுத்திகரிப்பில் பெரும்பங்கு ஏற்கின்றன என்று 1942இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் அவர்கள் எழுதினார்கள். 1968இல் இங்கிலாந்தில் கர்ட்ஸ் முதலானோர் சோதித்தபோது, புரோட்டோசோவா இல்லாத தொட்டியிலிருந்து வெளிவந்த நீர் கலங்கலாயிருக்க, அவற்றைச் சேர்த்ததும் தெளிந்தது.