கதியாலும் அலவாங்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊர்ப்பெயர்களில் 'வேலி' என்ற ஈறு அடிக்கடி வருகிறது. நீர்வேலி, அச்சுவேலி, சங்குவேலி, கட்டைவேலி. தமிழில் வேலி என்பது நில அளவையும்கூட. தஞ்சைப் பக்கத்துக் கணக்கில் ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். ஊர்ப்பெயரில் ஒளிந்திருப்பது அளவையா அடைப்பா என்று இடப்பெயர் ஆய்வாளர்கள் வழக்காடட்டும். நான் எழுத வந்தது அடைப்பைப் பற்றி. அதிலும் கதியாலை மண்ணில் இறக்குகிற கருவியைப் பற்றி.

புலம்பெயர்ந்தோர் ஊருக்கு வரும்போது இந்தப் பேச்சு எழுவதுண்டு. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பண்ணைகளில் உழவு இயந்திரத்தின் பின்னே பூட்டிய பொறி ஒன்று கம்பங்களை மண்ணுக்குள் அறைந்துகொண்டே போவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். கையால் இயக்கும் எளிய வகையும் உண்டு. ஒரு முனை அடைத்த கனத்த இரும்புக் குழாய், இரு பக்கமும் கைப்பிடி. கம்பத்தின் தலையில் கவிழ்த்து, தூக்கித் தூக்கி விடவேண்டியதுதான். நீர்வேலியின் வாழைத் தோட்டங்களுக்கு இதில் ஒன்றை வாங்கி அனுப்பினால் என்ன என்பது அவர்கள் கேள்வி. என்ன கம்பம் நடப்போகிறோம் என்பது முதற்கேள்வியாக இருக்கவேண்டும்.

ஏனெனில் யாழ்ப்பாணத்து வேலியில் கம்பத்தை அறைவது வழக்கமில்லை. கதியால் என்பது உயிருள்ள கொம்பு. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, பிற்காலத்தில் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து ஊரோடு ஒட்டிக்கொண்ட சீமைக்கிளுவை. சம்மட்டியால் தலையில் அடித்தால் கொம்பு பிளக்கும். பிளவில் நீர் இறங்கி அழுகும். அடிப்பக்கத்துப் பட்டை உரிந்தால் வேர் பிடிக்காது. ஆகவே அலவாங்கால் குழி போட்டு, கொம்பை இறக்கி, மண்ணைத் தள்ளி, அதே அலவாங்கின் மறுமுனையால் இடித்து இறுக்குவார்கள். தமிழகத்தார் கடப்பாரை என்பதை நாங்கள் அலவாங்கு என்கிறோம். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல் அது. அவர்கள் மொழியில் 'அலவங்கா' என்றால் நெம்புகோல். கதிரையையும் அலுமாரியையும் தந்தவர்களும் அவர்களே. செம்பாட்டு மண்ணின் கீழே எந்த ஆழத்தில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்பதை அலவாங்கு பிடித்த கை முதற் குத்திலேயே அறிந்துவிடும். இயந்திரம் கல்லில் முட்டிய பிறகுதான் அறியும்.

கதியால் வேர்விட்டால் வேலி பல வேலைகள் செய்யும். குழை ஆட்டுக்கு உணவு. தோட்டத்தில் தாழ்த்தினால் பசளை. கிடுகோ பனையோலையோ வைத்து வரிச்சுக் கட்டினால் மறைப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக அது சாட்சி. பழைய உறுதிகள் எல்லையை அடிக்கணக்கில் சொல்வதில்லை; கிழக்கே இன்னார் காணி, வடக்கே ஒழுங்கை என்றே சொல்லும். எல்லை எங்கே என்று கேட்டால் வேர் ஊன்றிய மரத்தைக் காட்டுவதே வழக்கம். வேலிச் சண்டைக்கு யாழ்ப்பாணம் பேர்போனதற்கும் காரணம் இதுதான். வேலி அடைக்கும்போது பட்டுப்போன கதியாலுக்குப் பதில் புதியதை நடுவார்கள். அலவாங்கு போடும் இடம் அரை அடி தள்ளிப்போனால் அதற்குப் பெயர் அரக்குதல். கணக்குப் பாருங்கள். தோட்டக்காணியில் ஒரு பரப்பு என்பது ஏக்கரில் பதினாறில் ஒன்று. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடி. அரை அடி அரக்கினால் 26 சதுர அடி. பரப்புக்கு 18 குழி என்பதால், குழியில் ஆறில் ஒரு பங்கு. இதற்காக நீதிமன்றம் ஏறி, காணியின் பெறுமதியையே சட்டத்தரணிக்குக் கொடுத்தவர்களைப் பற்றிச் சொல்லாத ஊர் குடாநாட்டில் இல்லை.

பிறகு சாட்சிகளே அழிந்த காலம் வந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தார்கள். படையினர் பருத்தித்துறை வீதியோர ஊர்களினூடாக யாழ் நகரை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தார்கள். நீர்வேலியும் அந்த வீதியில்தான் இருக்கிறது. 1996இல் திரும்பியவர்களில் பலர் வேலியற்ற வளவுகளுக்கே திரும்பினார்கள். வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட காணிகளின் கதை இன்னும் கொடிது. போர் முடிந்து, சிறப்பாக 2015க்குப் பின், கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, உரியவர்கள் பற்றைக்குள் கிணற்றையும் பழைய மரங்களையும் தேடித் தங்கள் எல்லையைக் கண்டார்கள். கிடுகு போயிருந்தது, வரிச்சு போயிருந்தது. தப்பிப் பிழைத்த ஒரு பூவரசு நில அளவையாளரின் வரைபடத்துக்குத் துணைநின்றது.

அந்த அனுபவத்துக்குப் பின் மக்கள் மதிலையும் கொங்கிறீற்றுத் தூணையும் நாடியதை நான் குறைசொல்ல மாட்டேன். முள்ளுக்கம்பிக்கு அமெரிக்காவில் கிளிடன் என்ற விவசாயி 1874இல் காப்புரிமை பெற்றார். மரம் அரிதான புல்வெளி நாட்டுக்கு ஏற்ற பண்டம் அது. நம்மிடம் அது கதியாலோடும் ஒத்துப்போகும், தூணோடும் ஒத்துப்போகும்.

கருவிக்கு வருகிறேன். கொங்கிறீற்றுத் தூணை அறையக்கூடாது, வெடிக்கும். குழிதான். செம்பாடு ஆழமாக உள்ள இடத்தில் பெற்றோலில் ஓடும் துளைப்பான் விரைவாக வேலை முடிக்கும். கல்லில் முட்டினால் ஆளையே திருப்பி எறியும் என்பதால் இருவர் பிடிப்பது நல்லது. உழவு இயந்திரப் பொறி சில பரப்புத் தோட்டத்துக்குள் திரும்பவே இடமில்லை. கைக்குழாய் வகை இரும்புக் கம்பத்துக்கு உகந்தது. வாங்கும்போது குழாயின் உள்விட்டம் கம்பத்தைவிடச் சற்றே அகலமா என்று பாருங்கள். கனம் தூக்குபவரின் தோளுக்கு அடங்கவேண்டும். பாவிக்கும்போது குழாயின் வாய் கம்பத்தின் தலைக்கு மேலே வரக்கூடாது. வந்தால் அது அடுத்து விழுவது தலையிலாக இருக்கலாம். கல் தட்டினால் அங்கே நிறுத்திவிட்டு அலவாங்கை எடுங்கள்.

பழைய எல்லையில் உயிரோடு நிற்கும் கதியாலைப் பிடுங்காமல், இடைவெளியில் மட்டும் இரும்பை இறக்கலாம். புதுக்கதியால் நடுவதாயின் முற்றிய கொம்பாகத் தெரிந்து, அடியைச் சரிவாக வெட்டி, ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழத்தில், ஐப்பசி மழையோடு நடவேண்டும். குழி போடும் நாளை அயற்காணிக்காரருக்கு முதல்நாளே சொல்லிவிடுங்கள். அவர் வந்து நிற்பார், நிற்கட்டும்.