இரண்டு நாள் தேர்வு எட்டு மணி நேரமான கதை

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் 1990இல் டெக்னோபார்க் தொடங்கியது. நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அது. பம்பா, பெரியாறு, நிளா என்று அதன் கட்டடங்களுக்கு ஆறுகளின் பெயர்கள். 1995 நவம்பரில் பிரதமர் நரசிம்மராவ் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இடையில், 1993இல், அமெரிக்காவில் சிஸ்கோ நிறுவனம் நெட்வொர்க் பொறியாளர்களுக்கென்று ஒரு தேர்வைத் தொடங்கியிருந்தது. பெயர் சிசிஐஇ. எழுத்துத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது, லேபில் உட்கார்ந்து செய்தும் காட்ட வேண்டும்.

கழக்கூட்டத்துப் பொறியாளருக்குப் பக்கத்து லேப் மையம் பெங்களூர். கன்னியாகுமரியிலிருந்து வரும் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை இறங்கலாம்.

இந்தத் தேர்வின் எண் வரிசை 1024இல் ஆரம்பிக்கிறது. அந்த எண் எந்த மனிதருக்கும் போகவில்லை, லேபுக்கே கொடுக்கப்பட்டது. தேர்வை உருவாக்கிய ஸ்டூவர்ட் பிக்ஸுக்கு 1025. எழுத்து, லேப் இரண்டையும் எழுதி முதலில் தேறிய டெர்ரி ஸ்லாட்டரிக்கு 1026.

அப்போது லேப் இரண்டு நாள் நடந்தது. கேபிளைச் சொருகுவதிலிருந்து எல்லாம் தேர்வெழுதுபவர் வேலை. இரண்டாம் நாள் மதியம் அவர் எழுந்து வெளியே போவார். கண்காணிப்பாளர் உள்ளே புகுந்து, ஓடிக்கொண்டிருந்த நெட்வொர்க்கைக் கெடுத்து வைப்பார். திரும்பி வந்து பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும். நேரத்தை மிச்சம் பிடிப்பது என்றால் அன்று கை வேகம்தான். கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தி, விட்டு, எக்ஸ் தட்டினால் ஒரு ரவுட்டரிலிருந்து வெளியே வந்து அடுத்ததற்குத் தாவலாம். இதை விரல் தானாகச் செய்யும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

2001 அக்டோபரில் இரண்டு நாள் ஒரே நாளானது. கேபிள் வேலை போனது. எட்டு மணி நேரம், நூறு மதிப்பெண், தேற எண்பது. ஏறக்குறைய அதே சமயத்தில் செக்யூரிட்டிக்கென்று தனிப் பிரிவும் வந்தது. அதோடு உத்திகளும் மாறின. முதலில் வினாத்தாளை முழுவதும் படிப்பது, படம் வரைவது, எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்று ஓரத்தில் குறிப்பது. ஒரே மாதிரிக் கட்டளைகளை நோட்பேடில் அடித்து வைத்து, பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றி ஒட்டுவது. கால் மணி நேரத்தில் அவிழாத முடிச்சை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது. கடைசி ஒரு மணி நேரத்தைச் சரிபார்ப்பதற்கு ஒதுக்குவது.

செக்யூரிட்டி லேபுக்கென்று தனிக் கண்ணிகளும் உண்டு. சாதனங்களின் கடிகாரம் ஒத்துப்போகாவிட்டால் டிஜிட்டல் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று நிராகரிக்கப்படும், விபிஎன் எழும்பாது. கட்டளையில் தப்பே இல்லாதபோது தப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதனால் என்டிபி வழியாக மணியைச் சரிசெய்வதை முதல் வேலையாக வைத்துக்கொள்வது வழக்கம். சிஸ்கோவின் ஏஎஸ்ஏ ஃபயர்வால் வழியே உள்ளிருந்து வெளியே பிங் அடித்தால், பதில் உள்ளே திரும்பி வராது; பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பியைக் கவனிக்கும்படி தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். இது தெரியாதவர் ரவுட்டிங்கைக் குடைந்து அரை மணி நேரத்தைத் தொலைப்பார். தொலைவிலிருந்து ரவுட்டரில், எதை உள்ளே விடுவது என்று சொல்லும் ஆக்சஸ் லிஸ்ட் போடுமுன் 'ரீலோடு இன் 10' என்று அடித்து வைப்பது இன்னொரு பழக்கம். கதவை நாமே பூட்டிக்கொண்டு வெளியே நின்றாலும், பத்து நிமிடத்தில் ரவுட்டர் மறுபடி கிளம்பி, சேமித்த பழைய அமைப்புக்கே வந்துவிடும்.

பழகுவதற்குத்தான் பணம் கரைந்தது. சிஸ்கோ 2500 வரிசைப் பழைய ரவுட்டர்களை செகண்ட் ஹேண்டில் வாங்கி அடுக்கி, அவற்றின் சூட்டுக்கும் சத்தத்துக்கும் நடுவே உட்கார்ந்து பயிற்சி செய்த தலைமுறை ஒன்று உண்டு. 2005இல் பிரான்ஸின் கிறிஸ்தோஃப் ஃபியோ டைனமிப்ஸ் என்ற மென்பொருளை எழுதியதும் சிஸ்கோ ரவுட்டர்கள் சாதாரணக் கம்ப்யூட்டருக்குள் ஓடத் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில் அதன்மேல் ஜிஎன்எஸ்3 என்ற மென்பொருளும் வந்தது. டெக்னோபார்க் பக்கத்து ஹாஸ்டல் அறையிலும் ஒரு லேப் அமைக்க முடிந்தது.

2020 பிப்ரவரியில் தேர்வின் உருவம் மறுபடி மாறியது. எட்டு மணி நேரத்தில் முதல் மூன்று மணி நேரம் வடிவமைப்புக்கு. அங்கே தொட எந்தச் சாதனமும் கிடையாது. மின்னஞ்சல்களையும் வரைபடங்களையும் படித்து முடிவு சொல்ல வேண்டும், கடந்த கேள்விக்குத் திரும்பிப் போகவும் முடியாது. 'தெரியாததை விட்டுவிட்டுப் பிறகு பார்க்கலாம்' என்ற பழைய உத்தி அந்தப் பகுதியில் செல்லாது. நோட்பேடுக்கு வேலை மீதி ஐந்து மணி நேரத்தில்தான். தேர்வின் பாடத்திட்டத்தில் இப்போது பைத்தான் நிரலாக்கமும் சேர்ந்திருக்கிறது.