அரைப் பார்வையின் அரசு

1995 மார்ச் 20ஆம் நாள் காலை, டோக்கியோ நகரின் சுரங்க ரயில்களில் சாரின் எனும் நச்சுவாயு பரவியது. அது 14 உயிர்களைப் பறித்தது, ஆயிரக்கணக்கானோரை நோயாளிகளாக்கியது. ஓம் ஷின்ரிக்கியோ என்ற சமயக் குழுவினரே அதைச் செய்தனர். ஆணையிட்டவர் அதன் தலைவர் ஷோகோ அசஹாரா. 2018 ஜூலை 6ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். இத்தகைய தலைவர் எங்கே உருவாகிறார் என்று வினவுவோமாயின், அவரது இளமைக்கே நாம் செல்ல வேண்டும்.

மட்சுமோட்டோ சிசுவோ என்பது அவரது இயற்பெயர். 1955இல் ஜப்பானின் யட்சுஷிரோ நகரில், பாய் முடையும் வறிய குடும்பத்தில் பிறந்தார். இடக்கண்ணில் பார்வை இல்லை. வலக்கண்ணில் ஓரளவே இருந்தது. ஆறு வயதிலேயே பெற்றோர் அவரைப் பார்வையற்றோர் பள்ளியின் விடுதியில் விட்டனர். தாய்மடி தேடும் பருவத்தில் வீடு தொலைவாயிற்று.

ஏதும் காண இயலாத தோழர்களிடையே, சிறிது காணும் சிறுவன் வலியவனானான். வெளியே அழைத்துச் செல்ல அவர்களிடம் கைம்மாறு பெற்றான் என்றும், மிரட்டிப் பணியவைத்தான் என்றும் உடன் பயின்றோர் பின்னாளில் கூறினர். பிறரது இருளே தனக்கு முதலீடு என்ற பாடத்தை அங்கே அவன் கற்றான். அதைத் திருத்த எவருடைய அன்பும் அவனை எட்டவில்லை போலும்.

1984இல் அவர் தொடங்கிய யோகப் பயிற்சிக் குழு, 1987இல் ஓம் ஷின்ரிக்கியோ ஆயிற்று. மருத்துவரும் அறிவியலாரும்கூட அவர் காலடியில் அமர்ந்தனர். விடுதியில் கண்ணொளி இல்லாதோரை நடத்தியவர், இப்போது அகவொளி தேடுவோரை நடத்தினார். விலக விரும்பிய சீடர் ஒருவர் 1989இல் கொல்லப்பட்டார். குழுவை எதிர்த்த வழக்கறிஞரும், அவர் மனைவியும், பச்சிளங்குழந்தையும் அதே ஆண்டில் கொலையுண்டனர். 1990 பொதுத்தேர்தலில் அவரும் சீடர்களுமாக 25 பேர் நின்று, அனைவரும் தோற்றனர். நாடு ஏற்க மறுத்தவரைச் சீடர்கள் மட்டும் மறுக்கவில்லை.

துயருற்ற இளமை குற்றத்தை மன்னிப்பதில்லை; விதியாகவும் அமைவதில்லை. அதே பள்ளியில் அதே இருளில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. எனினும், காயமுற்ற குழந்தை அதிகாரத்தையே மருந்தாகக் கொள்ளும்போது, அதன் அருகிலிருந்து கண்டிக்கவும் தழுவவும் ஒருவர் வேண்டும். வளர்ந்தபின் அத்தகையவரைச் சூழ்ந்திருப்போரும் ‘இல்லை’ என்று சொல்லும் துணிவை இழத்தலாகாது. இவ்விரண்டும் தவறிய இடத்திலேதான் அந்த அரசு எழுந்தது என நாம் எண்ணுகிறோம்.