ஒரு பழைய லென்ஸின் ஜாதகம்

பார்சல் வந்த அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே... சொல்லி மாளாது.

நான்கு மாதம் சேர்த்த பணம். இணையத்தில் செகண்ட் ஹேண்ட் சரக்கு விற்கும் ஒருவரிடம் மைக்ராஸ்கோப் ஆப்ஜெக்டிவ் ஒன்று வாங்கியிருந்தேன். (பள்ளியில் "பொருளருகு லென்ஸ்" என்று படித்தோமே, அதுதான். ஸ்லைடுக்குப் பக்கத்தில் இருப்பது.) விளம்பரத்தில் "கார்ல் ஜெய்ஸ், ஜெர்மனி" என்று போட்டிருந்தார். கையில் வந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், ஜெய்ஸ் என்ற பெயரே எங்கும் இல்லை! அந்த இடத்தில் இரண்டே வார்த்தை: "அவுஸ் யேனா". அதற்குக் கீழே, "பிளான்அக்ரோமேட் 40/0.65 160/0.17".

டுபாக்கூர் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு கட்டி, பணத்தைத் திருப்பிக் கேட்டு நீளமாக ஒரு மெயில் தட்டினேன். திட்டெல்லாம் தாராளமாகவே இருந்தது. அனுப்பும் முன் லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் லென்ஸைக் காட்டினேன். அவர் சொன்னது இதுதான்: "தம்பி, பேரை விடுங்க. பேரை யாரு வேணா வெட்டிக்கலாம். மத்ததெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதான்னு பாருங்க."

பார்த்தேன். அது என்னை 1858-க்கும் 1945-க்கும் இழுத்துக்கொண்டு போனது. அந்தக் கதைதான் இது.

சரி, முதலில் மரையிலிருந்து ஆரம்பிப்போம்.

எங்கேயோ ஐரோப்பாவில் செய்த லென்ஸ், நம்மூர் கல்லூரி மைக்ராஸ்கோப்பில் எப்படிப் பொருந்துகிறது? 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் லென்ஸ் இன்னொருவர் மைக்ராஸ்கோப்பில் ஏறாது. 1839-ல் தொடங்கிய லண்டன் மைக்ராஸ்கோப் சங்கம் 1858-ல் ஒரு பொது அளவைக் கொண்டுவந்தது. விட்டம் சுமார் 20.3 மி.மீ., ஓர் அங்குலத்துக்கு 36 மரை. அந்தச் சங்கம் 1866-ல் "ராயல்" பட்டம் பெற்றது. அதனால் இன்றும் அதை ஆர்.எம்.எஸ். மரை என்கிறார்கள். 150 வருடத்துக்கு மேலாகியும் சாதாரண ஆய்வக மைக்ராஸ்கோப்புகளில் அதே மரைதான். என் லென்ஸும் சிக்காமல் ஏறியது. முதல் சோதனை பாஸ்.

அடுத்து, 40/0.65 என்ற எண்கள். 40 என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. 0.65 தான் முக்கியமான ஆள். அதற்குப் பெயர் நியூமரிக்கல் அப்பர்ச்சர். லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதன் அளவு.

இந்த எண் வருவதற்கு முன்னால் லென்ஸ் வாங்குவது பெரிய கூத்து. ஆங்கிலேயர்கள் குவியத் தொலைவை அங்குலத்தில் போட்டார்கள், 1/6, 1/12 என்று. ஜெய்ஸ் நிறுவனம் ஏ, பி, சி, டி என்று எழுத்துகள் போட்டது. லெய்ட்ஸ் வரிசை எண் போட்டது. எது நல்ல லென்ஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று டயாட்டம். நீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பாசி. அதன் கண்ணாடி போன்ற ஓட்டில் இயற்கையே மிக நெருக்கமான கோடுகளும் புள்ளிகளும் போட்டு வைத்திருக்கிறது. இன்னொன்று, பார்த் என்ற ஊரில் இருந்த நோபர்ட் என்ற ஜெர்மானியக் கைவினைஞர் வைரமுனையால் கண்ணாடியில் கீறிய கோடுகள். 1860-களில் அவர் செய்த தட்டில் 19 பட்டைகள். ஒவ்வொன்றிலும் கோடுகள் முந்தையதைவிட நெருக்கம். 19-ஆவது பட்டையில் ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 4,400 கோடுகள் என்ற நெருக்கம்! அதைப் பிரித்துக் காட்டும் லென்ஸ் யாருடையது என்று பெரிய போட்டியே நடந்தது. "நான் பார்த்துவிட்டேன்" என்று பலர் சொன்னார்கள். ஆனால் இல்லாத கோடுகளும் பொய்யாகத் தெரியும் என்பதால் சண்டை தீரவில்லை. கடைசியில் அமெரிக்க ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்தைச் சேர்ந்த உட்வர்ட், அந்தப் பட்டையைப் புகைப்படம் எடுத்து, கோடுகளை எண்ணிக் காட்டினார். "வாயால் சொல்லாதே, ஆதாரம் காட்டு" என்பது அப்போதே தொடங்கிவிட்டது :-)

இந்தக் கூத்துக்குக் கணக்குப் போட்டு முடிவு கட்டியவர் எர்ன்ஸ்ட் அபே. கார்ல் ஜெய்ஸ் 1846-ல் யேனா நகரில் பட்டறை தொடங்கினார். 1866-ல் அபே அங்கே சேர்ந்தார். அதுவரை லென்ஸ் செய்வது கைப்பழக்கம். தேய்ப்பார்கள், பார்ப்பார்கள், மறுபடி தேய்ப்பார்கள். அபே 1873-ல் வெளியிட்ட கோட்பாடு சொன்னது இதுதான்: இரண்டு கோடுகளைப் பிரித்துப் பார்க்கும் திறனை முடிவு செய்வது உருப்பெருக்கம் அல்ல, ஒளியின் அலைநீளமும் நியூமரிக்கல் அப்பர்ச்சரும்தான். அலைநீளத்தை அந்த எண்ணின் இரு மடங்கால் வகுத்தால் பிரிதிறன் வந்துவிடும். பச்சை ஒளி 0.55 மைக்ரோமீட்டர் என்று வைத்தால், என் 0.65 லென்ஸ் சுமார் 0.42 மைக்ரோமீட்டர் வரை பிரிக்க வேண்டும். பிரிக்கவில்லையா, எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் அது பொய்.

1884-ல் ஓட்டோ ஷாட், அபே, ஜெய்ஸ் ஆகியோர் யேனாவில் கண்ணாடி ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். புதுக் கண்ணாடிகளோடு சுவிஸ் மலைகளில் கிடைத்த புளோரைட் படிகத்தையும் சேர்த்து, 1886-ல் அபோகுரோமேட் லென்ஸ்கள் வந்தன. வண்ணப் பிசிறு மிகக் குறைந்தவை. பழைய சரக்கு வாங்குகிறவர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. அந்த முதல் அபோகுரோமேட்டுகளில் குவியத் தொலைவை மில்லிமீட்டரில்தான் போட்டார்கள், 16 மி.மீ., 4 மி.மீ. என்று. இன்னொன்று, அந்தப் புதுக் கண்ணாடிகளில் சில நிலையானவை அல்ல, காலப்போக்கில் மங்கிவிட்டன. ஆக, அசல் லென்ஸ் என்றாலே நல்ல லென்ஸ் என்று அர்த்தமில்லை.

இப்போது என் கோபத்துக்குக் காரணமான அந்த "அவுஸ் யேனா"வுக்கு வருவோம்.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை யேனாவுக்குள் நுழைந்தது. ஆனால் போர் முடிந்ததும் அந்தப் பகுதி சோவியத் வசம் போக வேண்டும் என்று ஏற்கெனவே ஒப்பந்தம். எனவே போகும்போது அமெரிக்கர்கள் ஜெய்ஸ் நிறுவனத்தின் 84 முக்கிய நிர்வாகிகளையும் விஞ்ஞானிகளையும் மேற்கே கூட்டிக்கொண்டு போனார்கள். ஜூலையில் சோவியத் படை வந்தது. 1946 அக்டோபரில் அவர்கள் பங்குக்கு வல்லுநர்களைக் குடும்பத்தோடு ரயிலேற்றினார்கள். தொழிற்சாலையின் பெரும்பாலான இயந்திரங்களையும் கழற்றிக்கொண்டு போனார்கள். மூளை ஒரு பக்கம், இயந்திரம் ஒரு பக்கம். நடுவில் யேனாவில் மிச்சம் இருந்தது தொழிலாளர்களும் காலிக் கொட்டகைகளும்தான். அவர்கள் மறுபடி முதலிலிருந்து கட்டினார்கள். 1948-ல் அது கிழக்கு ஜெர்மனியின் மக்கள் உடைமை நிறுவனம் ஆனது.

மேற்கே போனவர்கள் ஓபர்கோஹன் என்ற சிற்றூரில் 1946-ல் "ஆப்டான்" என்ற பெயரில் தொடங்கினார்கள். 1947-ல் "ஜெய்ஸ்-ஆப்டான்". 1953-ல் "கார்ல் ஜெய்ஸ்". இப்போது உலகத்தில் இரண்டு ஜெய்ஸ்! இரண்டு பேரும் "நான்தான் ஒரிஜினல்" என்றார்கள்.

எது அசல் என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு பக்கம் அதே ஊர், அதே தெரு, அதே தொழிலாளர்கள். இன்னொரு பக்கம் கணக்குப் போட்ட தலைகள். வழக்கு பல நாட்டு நீதிமன்றங்களில் நடந்தது. கிழக்கு ஜெர்மனி என்ற நாட்டை பிரிட்டன் அங்கீகரிக்கவே இல்லையே, அப்படியானால் அந்த அரசின் உத்தரவு இங்கே செல்லுமா என்ற கேள்வி 1966-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை வரை போனது. ஒரு லென்ஸ் மேல் என்ன பெயர் பொறிப்பது என்பதற்காக!

கடைசியில் 1971-ல் லண்டனில் ஓர் உடன்பாடு. உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சில நாடுகளில் இரண்டு பேரும் ஊர்ப் பெயரைச் சேர்த்துப் பயன்படுத்தலாம். சோவியத் அணி நாடுகளில் ஜெய்ஸ் என்ற பெயர் யேனாவுக்கு. மேற்கு நிறுவனம் அங்கே "ஆப்டான்" என்று விற்றது. மேற்கு ஜெர்மனி போன்ற நாடுகளில் பெயர் ஓபர்கோஹனுக்கு. அங்கே யேனாக்காரர்கள் தங்கள் ஸ்தாபகரின் பெயரையே போட முடியாது. என்ன போட்டார்கள் தெரியுமா? "அவுஸ் யேனா". ஜெர்மன் மொழியில் "யேனாவிலிருந்து" என்று பொருள். அவ்வளவுதான். எங்கள் பெயரைத்தானே பிடுங்கினீர்கள், ஊரைப் பிடுங்க முடியாதல்லவா என்று சொல்வது போல.

இதைப் படித்து முடித்தபோது கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. நான் எதைப் போலிக்கு அடையாளம் என்று நினைத்தேனோ, அதுதான் அசலுக்கான முத்திரை. போலி செய்கிறவன் எவனாவது ஜெய்ஸ் என்ற பெயரை விட்டுவிட்டு "யேனாவிலிருந்து" என்று மட்டும் வெட்டுவானா? 1990-ல் ஜெர்மனி இணைந்தது, அடுத்த வருடமே இரண்டு ஜெய்ஸும் இணைந்தன. ஆகவே என் லென்ஸ் அதற்கு முந்தையது.

இனி, பழைய ஆப்ஜெக்டிவ் வாங்கும் நண்பர்களுக்காக நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. பெயரும் நாடும் ஒத்துப்போக வேண்டும். "யேனா" என்றும் "மேற்கு ஜெர்மனி" என்றும் ஒரே உருளையில் இருந்தால் ஓடிவிடுங்கள். "ஜெய்ஸ்-ஆப்டான்" என்றால் 1947-ஐ ஒட்டிய சில வருடங்கள்.

2. குழாய் நீளம். என் லென்ஸில் 160 என்பது அதுதான், மில்லிமீட்டரில். லெய்ட்ஸ் 1970-களின் நடுப்பகுதி வரை 170 வைத்திருந்தது. படுத்த எட்டு போல முடிவிலிக் குறி இருந்தால் அது 160 மைக்ராஸ்கோப்புக்கு ஆகாது. போலி இல்லை, ஆனால் உங்களுக்கு உதவாது.

3. அடுத்த எண் கவர் கிளாஸின் தடிமன். 0.17 என்றால் கவர் கிளாஸ் போட்ட ஸ்லைடுக்கு. 0 என்றால் கவர் கிளாஸ் இல்லாமல் பார்ப்பதற்கு, பெரும்பாலும் உலோகம் பார்க்கும் லென்ஸ். விற்பவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

4. காற்றில் வேலை செய்யும் லென்ஸில் அப்பர்ச்சர் எண் 1-ஐத் தாண்டவே முடியாது. 1.25 என்று போட்டு எண்ணெய் வேண்டாம் என்றால் அது கதை.

5. எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சுக்கு ஜெய்ஸில் ஸ்மக்குலா காப்புரிமை வாங்கியது 1935-ல். "1900-ஆம் ஆண்டு லென்ஸ்" என்று விற்பதில் நீலமோ ஊதாவோ மின்னினால் சந்தேகப்படுங்கள்.

6. ஐபீஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் பாருங்கள். ஒளி வட்டம் தெரியும். அப்பர்ச்சர் அதிகமானால் வட்டமும் பெரிதாகும். நன்றாகத் தெரிந்த அதே உருப்பெருக்க லென்ஸோடு ஒப்பிட்டால் 0.65 உண்மையா என்று ஓரளவு புரியும். பூஞ்சை, காய்ந்த எண்ணெய், உள்ளே ஒட்டிய லென்ஸ்கள் பிரிந்திருப்பது எல்லாம் இதிலேயே மாட்டும்.

கடைசிப் பரீட்சை மிச்சம் இருந்தது. தாவரவியல் துறையில் ப்ளூரோசிக்மா அங்குலாட்டம் என்ற டயாட்டம் ஸ்லைடு ஒன்று இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் லென்ஸ்களைச் சோதித்த அதே இனம். கோடுகளின் இடைவெளி சுமார் அரை மைக்ரோமீட்டர். அபே கணக்குப்படி 0.65 லென்ஸுக்குத் தெரிய வேண்டும், ஆனால் சும்மா தெரிந்துவிடாது. அண்ணன் பச்சை ஃபில்டர் போட்டு, கண்டன்சரைச் சரி செய்து கொடுத்தார். முதலில் வெறும் ஓடு. நுண் திருகை மயிரிழை அளவு திருப்பினேன். சட்டென்று ஓடு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் எழுந்து வந்தன. ஓரத்தில் மட்டும் லென்ஸ் ஒட்டு லேசாகப் பிரிந்த அடையாளம் இருந்தது. நடுவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"என்ன தம்பி, மெயில் அனுப்பிட்டீங்களா?" என்றார் அண்ணன்.

அனுப்பவில்லை. அன்று ராத்திரி அந்த மெயிலை அழித்துவிட்டு, விற்றவருக்கு "லென்ஸ் பத்திரமாக வந்து சேர்ந்தது, நன்றி" என்று ஒற்றை வரி எழுதினேன். ஊர் பேர் தெரியாத ஒரு மனிதரைத் திருடன் என்று சொல்ல இருந்தேன், அதுவும் நான்கு எழுத்து படிக்கத் தெரியாத காரணத்தால். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.