பழைய கணினியும் தமிழ் எழுத்தும்

தஞ்சோங் பகாருக்குக் கணினி புதிதல்ல. மூட்டை சுமந்த தோள்களை நம்பியிருந்த அந்தத் துறைமுகத்துக்கு 1972 ஜூன் மாதம் முதல் கொள்கலன் கப்பல் வந்தது. அதன்பின் தோளுக்கு வேலை குறைந்து, கணக்குக்கு வேலை கூடியது. 1984ல் போர்ட்நெட் என்ற கணினிக் கட்டமைப்பு வந்தபோது, கப்பல் நிறுவனங்களும் சரக்கு முகவர்களும் தாளை விட்டுத் திரைக்கு மாறத் தொடங்கினர். முனையத்தின் வேலைகள் 2017ல் பாசிர் பாஞ்சாங்கிற்குப் போய்விட்டன. அலுவலகக் கோபுரங்கள் இருக்கின்றன. அவற்றின் நிழலிலேயே வீவக வீடுகளும் இருக்கின்றன.

கோபுரத்தில் இருக்கும் கணினி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடும். வீவக வீட்டில் அப்படி மாறுமா? அங்கே கழிக்கப்பட்டது இங்கே பயன்படாதா என்ற கேள்வி சிங்கப்பூரில் கால் நூற்றாண்டாகக் கேட்கப்படுகிறது. பயன்படுத்திய கணினிகளைச் செப்பனிட்டு, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வழங்கும் திட்டம் 1999ல் தொடங்கியது. 2006ல் வந்த நியூ பிசி பிளஸ் திட்டமோ சலுகை விலையில் புதுக் கணினியையே கொடுத்தது. பிள்ளைகளுக்குப் பழசு போதும் என்று சொல்வது சுலபம். அந்தப் பழசில் வீட்டுப்பாடம் ஓட வேண்டுமே!

ஓடாமல் போவது ஏன்? பெரும்பாலும் இயந்திரம் கெட்டுப்போவதால் அல்ல. 2001ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி 64 மெகாபைட் நினைவகத்திலும் எழுந்து நிற்கும். 2007ல் வீட்டுப் பயனாளர்களுக்கு வந்த விஸ்டா குறைந்தது 512 மெகாபைட் கேட்டது. ஆறே ஆண்டுகளில் எட்டு மடங்கு! மேசைமேல் இருந்த கணினி இளைக்கவில்லை; அதன் தலையில் ஏற்றிய சுமைதான் பெருத்தது.

அந்தச் சுமையைக் குறைத்துப் பார்த்தவர்கள் லினக்ஸ்காரர்கள். லினக்ஸ் பிறந்ததே எளிய கணினியில்தான். 1991ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதியது 386 ரக சில்லு கொண்ட வீட்டுக் கணினியில். ஆஸ்திரேலியாவின் பேரி காவ்லர் 2003ல் வெளியிட்ட பப்பி லினக்ஸ், குறுந்தட்டிலிருந்து கிளம்பி முழுவதும் நினைவகத்தில் ஏறிக்கொள்ளும். வன்தட்டு செத்துப்போன கணினிகூட அதில் வேலை செய்யும். டேம் ஸ்மால் லினக்ஸ் என்பது இன்னும் கறாரானது. இயங்குதளம், உலாவி, எழுதுகருவி எல்லாம் சேர்த்து 50 மெகாபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்று எல்லை வகுத்துக்கொண்டது.

கேட்க இனிக்கிறது. ஆனால் 50 மெகாபைட்டுக்குள் அடக்க வேண்டுமானால் எதையாவது வெளியே எறிய வேண்டும். எறிந்தது எதை? தமிழ் வாசகர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஆங்கில எழுத்து வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். தமிழ் அப்படியல்ல. "கொ" என்று எழுதும்போது கணினி சேமித்து வைப்பது இரண்டே குறிகளை: "க" ஒன்று, ஒகரக் குறி ஒன்று. திரையில் காட்டும்போது அந்த ஒகரக் குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு "க"வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். இதைச் செய்ய எழுத்துருவுக்குப் பின்னால் ஒரு தனி மென்பொருள் வேலை பார்க்கிறது. அது இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது வெறும் கட்டங்கள் தெரியும். டேம் ஸ்மால் லினக்ஸ் எடையைக் குறைப்பதற்காகப் பழைய தலைமுறை வரைகலைக் கருவிகளையே வைத்துக்கொண்டது. இந்தப் பிளந்து அடுக்கும் வேலை அவற்றுக்குத் தெரியாது. யாரும் தமிழுக்குத் தீங்கு நினைத்துச் செய்ததல்ல அது. செய்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

சிங்கப்பூருக்கு இதில் சற்று உரிமையோடு வருத்தப்பட இடமுண்டு. 1995ல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய பணியில் தமிழுக்காக உழைத்தவர் நா. கோவிந்தசாமி. 1997ல் தமிழ் இணைய மாநாடு கூடியதும் இங்கேதான். 2000ஆம் ஆண்டு மாநாடும் இங்கு நடந்து, உத்தமம் என்ற அனைத்துலக அமைப்பு உருவாயிற்று. அந்நாளில் விண்டோஸ் 98 கணினியில் முரசு அஞ்சல் போன்ற மென்பொருளை நிறுவித்தான் தமிழ் எழுதுவார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிய வேண்டுமானால், இருவரிடமும் ஒரே குறியாக்க எழுத்துரு இருந்தாக வேண்டும். யூனிகோட் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஆனால் விண்டோஸில் யூனிகோட் தமிழ் முறையாக வந்தது விண்டோஸ் 2000 முதல்தான். பழைய கணினிகள் வாசலிலேயே நின்றுவிட்டன.

அதே காலத்தில் பல நாட்டுத் தமிழர்கள் கேடிஇ, க்னோம் என்ற லினக்ஸ் மேசைத்தளங்களைத் தமிழாக்கினார்கள். சம்பளமில்லாத உழைப்பு. ஆனால் அந்த மேசைத்தளங்கள் கனமானவை. தமிழ் தெரிந்த லினக்ஸுக்கு நல்ல கணினி வேண்டும். நலிந்த கணினியில் ஓடும் லினக்ஸுக்குத் தமிழ் தெரியாது. சில ஆண்டுகள் இப்படியே போயின.

வழி திறந்தது தைவானில் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அங்கு மருத்துவரான ஹாங் ஜென் யீ 2006ல் எல்எக்ஸ்டிஇ என்ற மெலிந்த மேசைத்தளத்தைத் தொடங்கினார். அது புதிய வரைகலைக் கருவிகள்மேல் கட்டப்பட்டதால், தமிழை ஒழுங்காகக் காட்டும் மென்பொருளும் கூடவே வந்தது. தம் மொழிக்கும் ஆயிரக்கணக்கான எழுத்துகள் உள்ள ஒருவர் எழுத்தை எறிந்துவிட்டு எடையைக் குறைக்க மாட்டார் அல்லவா? பின்னாளில் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கைக் கணினிக்கும் அந்த மேசைத்தளமே துணையாயிற்று.

தமிழ்நாட்டின் அனுபவம் வேறு. சென்னை சிடாக் நிலையம் 2007ல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே வந்தன. கணினி கையில் இருந்தது, தமிழும் இருந்தது. அதைப் பழக்கிவிட ஆள்தான் போதவில்லை. இன்று அந்த முதல் மடிக்கணினிகளுக்குப் பத்து வயதுக்குமேல் ஆகிவிட்டது. மெலிந்த இயங்குதளம் தேடும் வயது அது.

சிங்கப்பூரில் இந்தத் தேவை பளிச்சென்று தெரிந்தது 2020 ஏப்ரல் 8ஆம் தேதி. கொவிட்-19 காரணமாக அன்று பிள்ளைகள் எல்லாரும் வீட்டிலிருந்தே படிக்கத் தொடங்கினர். மூன்று பிள்ளைகள் இருந்து ஒரே கணினி உள்ள வீடு என்ன செய்யும்? பள்ளிகள் மடிக்கணினிகளை இரவல் தந்தன. எஞ்சினியரிங் குட் என்ற அறநிறுவனம், மக்கள் கொடுத்த பழைய மடிக்கணினிகளைத் தொண்டூழியர்களைக் கொண்டு பழுதுபார்த்து, வசதி குறைந்த வீடுகளுக்கு அனுப்பியது. கரங்குணிக்காரரிடம் போயிருக்க வேண்டியவை பாடம் நடத்தின.

இப்போது அடுத்த அலை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் அண்மைத் தலைமுறைச் சில்லும் இல்லாத கணினியை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேரும் ஊர் இது. லினக்ஸைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2025ல் வந்த டெபியன் 13, பழைய 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவ வழி தருவதில்லை. மெலிந்த இயங்குதளம் போட்டாலும் உலாவியில் நான்கு பக்கம் திறந்தால் 2 கிகாபைட் நினைவகம் திணறும். உப்பிய மின்கலத்தை எந்த மென்பொருளும் சரிசெய்யாது. அதைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தத்தான் வேண்டும்.

64 பிட் சில்லும் 4 கிகாபைட் நினைவகமும் இருந்தால் தாராளமாக முயலலாம். பழைய வன்தட்டைக் கழற்றித் திடநிலை வட்டு ஒன்றைப் பொருத்தினால் வேகத்தில் கிடைக்கும் மாற்றம் வேறெதிலும் கிடைக்காது. லூபுண்டு, ஆன்டிஎக்ஸ் போன்றவற்றை விரலியிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்; வன்தட்டைத் தொட வேண்டியதில்லை. தாத்தா பாட்டிக்கோ, தமிழ்ப் பாடம் படிக்கும் பிள்ளைக்கோ அந்தக் கணினியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எழுதுகருவியைத் திறந்து "கொக்கு" என்று தட்டிப் பார்க்க வேண்டும். கொம்பு முன்னால் வந்து நின்றால் கணினியைக் கொடுத்துவிடலாம்.